இரத்தினபுரிக்கு ஒரு நடை

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்வாள் என்ற பயம் ஒன்றும் இல்லை. "தெரிஞ்சவங்களுக்கு எழுதாமலே தெரியும். தெரியாதவங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகுது? வெட்டி வேலை அண்ணே" என்பாள். அப்படிப்பட்டவள். எங்கள் நிலையத்துக்கு வருகிற தோட்டத்துச் சனங்கள் அவளை மிஸ் என்றார்கள். நான் தங்கச்சி என்றேன். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் ஒரு சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன். பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துச் சனங்களுக்கு அவர்கள் பிறந்த பதிவு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இலக்கம் தெரிந்துவிட்டால் பதிவாளர் கந்தோரில் அன்றைக்கே பத்திரம் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான். இரண்டாயிரத்து ஏழு, எட்டு என்று யுத்தத்தில் நாடு இருந்த இருப்பில், பத்திரம் இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாத தமிழ்ப் பையன் அவிசாவளையைத் தாண்டினால் தாய்க்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். காலையில் கதவைத் திறந்து, கூட்டி, சுவரில் இருக்கிற பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டுவேன். பழைய புத்தகங்களை எல்லாம் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருக்கிற தேடும் கம்ப்யூட்டர் இரத்தினபுரியில், எங்கள் தலைமைக் கந்தோரில் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் டெலிபோன் கம்பி வழியாக அதைக் கேட்கும், அது பதில் சொல்லும். கலவானையிலும் வரக்காப்பொலையிலும் எங்களைப் போலவே நிலையங்கள் இருந்தன. எல்லோருக்கும் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

கேட்கும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒரு பெயரைத் தட்டிவிட்டு நான் கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன், பதில் வந்திருக்காது. சனங்கள் வாங்கில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்கள். பத்துப் பேர் வந்தால் நாலு பேருக்குப் பார்ப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மிச்சப் பேர் நாளைக்கு வாருங்கள் என்றால், நாளைக்கும் தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழாது, கூலி போய்விடும். அதைச் சரி செய்யத்தான் அவளை அனுப்பினார்கள்.

முப்பது வயது இருக்கும். தெரணியகலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பில் படித்து வேலை பார்த்தவள். நீலக் குடையும் தோளில் தொங்குகிற பையுமாக வந்தவளுக்கு நான் தேத்தண்ணி வாங்கி வந்தேன். தேத்தண்ணி வந்த பிறகு பணிஸ் சாப்பிடுவாளா என்று கேட்டு இன்னொரு முறை இறங்கி ஏறினேன். அதற்குப் பிறகு சீனி பற்றாது என்றாள், மறுபடியும் இறங்கினேன். மூச்சு வாங்க மேலே வந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எத்தனை நடை அண்ணே?"

"என்னது தங்கச்சி?"

"படி எத்தனை தடவ எறங்கி ஏறினீங்க?"

"மூணு."

"மூணையும் முதல்லயே கேட்டிருந்தா ஒரே நடைல முடிஞ்சிருக்கும்ல. சீனியச் சொல்லாதது என் தப்பு. பணிஸைக் கேக்காதது உங்க தப்பு."

வந்த அன்றைக்கே தப்புப் பிடிக்கிறாளே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி, மற்றக் கோப்பைகளையும் சேர்த்து ஒரே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கீழே கொடுத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து முதலாளிக்கு அவள் என்றால் உயிர். காலையில் என்னைக் கண்டதும், "நங்கி ஆவாத?" என்பார். தங்கச்சி வந்துவிட்டாளா என்று. எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே அதைத்தான் கேட்பார்.

முதல் மூன்று நாளும் அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்றுதான் நினைத்தேன். என்னைத் தட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் டெலிபோன் கம்பி போய்ச் சேருகிற சின்னப் பெட்டி ஒன்று, பிள்ளையார் படத்துக்கு நேர் கீழே தட்டில் இருந்தது. அதில் ஒரு பச்சை பல்ப். கேள்வி போகும்போதும் பதில் வரும்போதும் அது துடிக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டாள் என்றுதான் நான் நம்பினேன். ஒவ்வொரு கேள்வி போனதற்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குறிப்பு இருந்ததாம், அதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் தாளை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, ஒரு பேரைத் தேட நம்ம ஆளு இரத்தினபுரிக்கு எத்தனை நடை போறான் தெரியுமா? நாப்பத்தொரு நடை."

நம்ம ஆள் என்று அவள் சொன்னது எங்கள் கம்ப்யூட்டரை. எனக்கு விளங்கும்படி சொன்னாள். ஒரு பெயரைத் தட்டினால் அது முதலில் போய், இந்தப் பெயரில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறது. இருபது பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்த் தகப்பன் பெயரைக் கேட்கிறது. மறுபடி ஒவ்வொருவருக்கும் போய், பழைய புத்தகப் பக்கத்தின் படத்தை யாரும் பார்க்காவிட்டாலும் சுமந்துகொண்டு வருகிறது. போகும்போதெல்லாம் கதவைத் தட்டி, யாரது, நான்தான், உள்ளே வா என்று ஆன பிறகு ஒரே ஒரு கேள்வி. பதிலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் போய்த் தட்டுகிறது.

"நீங்க தேத்தண்ணி வாங்குன மாதிரியே" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வேலை செய்தாள். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே கேள்வியாகக் கட்டினாள். படம் வேண்டாம், யார் என்று தெரிந்த பிறகு அந்த ஒருவரின் படம் மட்டும் போதும் என்றாள். திறந்த கதவை ஒவ்வொரு தடவையும் சாத்தாமல் திறந்தபடியே வைக்கச் செய்தாள். வருகிற பதிலையும், பயணப் பையில் துணியை மடித்து வைக்கிற மாதிரிச் சின்னதாக மடித்து அனுப்ப வைத்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் தாளில் கோடு குறையும். நாற்பத்தொன்று மூன்றாகி, மூன்று ஒன்றானது. நான் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு கீழே போகலாம் என்று நினைப்பதற்குள் பதில் வந்து நிற்கும். "அண்ணே, தேத்தண்ணிக்கு நேரமில்லை" என்று கேலி செய்வாள். வாங்கில் தூங்குவதற்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரும் மத்தியான பஸ்ஸுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த நடைக் கணக்கு அவளுக்கு கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. மேசைக்குப் பக்கத்துச் சுவரில் அந்தத் தாளை ஒட்டி இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் 'வேலை ஆன நடை', மறுபக்கம் 'வெட்டி நடை'. யாராவது ஒரு கடதாசி குறைந்து திரும்பிப் போக நேர்ந்தால் வெட்டி நடைப் பக்கத்தில் ஒரு கோடு விழும். அது எங்கள் தப்பு என்பாள். முதல் தடவையே முழுவதும் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்பாள். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது அலைச்சல் பட்டிருப்பாள், சொல்லி அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு நடக்கப் பிடிக்காது அண்ணே. சோம்பேறி நான். அவ்வளவுதான்" என்றாள்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மனைவி சோறு போட்டு, உள்ளே போய்ப் பருப்பு எடுத்து வந்து ஊற்றி, மறுபடி போய்க் கத்தரிக்காய், மறுபடி போய் அப்பளம் என்று வைத்துக்கொண்டிருந்தாள். இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளை எல்லாம் தூக்கி வந்து நடுவில் வைத்துவிட்டாள். "நீங்களும் உக்காருங்க அண்ணி, எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்" என்றாள். என் மனைவி முகம் சுருங்கிப்போனது. அவள் போன பிறகு என்னிடம் பாய்ந்தாள். "சட்டிய நடுவுல வச்சா அது வெறும் வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் உள்ள போய் எடுத்தாந்து போட்டாத்தான் விருந்து. கொழும்புல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலயா?" ஆனால் அடுத்த முறை அவள் வந்தபோது என் மனைவியே சட்டிகளை நடுவில் வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருடத்தில் விருந்தாளியோடு சேர்ந்து அவள் சூடாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

நான் சாமி கும்பிடுவதும் அவளுக்குக் கேலிதான். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், கதவைச் சாத்தும்போது ஒரு தரம் நான் பிள்ளையார் முன்னால் நிற்பேன். இடையில் யாருக்காவது பதிவு கிடைக்காவிட்டால் அவருக்காகவும் ஒரு தரம்.

"அண்ணே, எல்லாத்தையும் சேத்துக் காலைலயே கேட்டுடுங்களேன். சாமிக்கும் வேலை மிச்சம்."

"கேக்கறதுக்குத்தான் போறோம்னு யாரு சொன்னது தங்கச்சி? போய் நிக்கிறதே ஒரு இதுதான்."

"என்ன இது?"

"இதுதான்" என்றேன். அவள் தாளைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல வேளை, என் கும்பிடுக்குக் கோடு போடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு நடையையும் குறைக்க முடியுமா என்று அவள் யோசித்தாள். ஒரு நாள் மிகச் சந்தோஷமாக வந்து, "அண்ணே, இனிமே சில கேள்விக்கு நடையே இல்ல" என்றாள். ஒரு தடவை கேட்டு வந்த பதிலை எங்கள் கம்ப்யூட்டரே ஒரு வாரத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். அதே பெயரை மறுபடி கேட்டால் இரத்தினபுரிக்குப் போகாமல் தானே சொல்லிவிடுமாம். அண்ணன் வந்து கேட்டதைத் தம்பி வந்து கேட்பான், இன்றைக்குக் கேட்டதை நாளைக்கு மறந்துவிட்டு வந்து கேட்பார்கள், அதற்கெல்லாம் எதற்கு ஒரு நடை? எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் மாரியாயி அக்கா வந்தார். ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் இறப்பர் பால் வெட்டுகிறவர். விரல் நகத்தில் பால் காய்ந்து கறுத்திருந்தது. அவருடைய மகன் ராஜேந்திரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை சோதனையில் அடையாள அட்டை இல்லை என்று பொலிஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டு போவார்களாம். அதற்குள் அவன் இங்கே பிறந்தவன் என்று பத்திரம் கொண்டு வந்து காட்டினால் விடுவார்கள், இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது என்று அந்தக் கொழும்புக் கடை முதலாளி டெலிபோனில் சொல்லியிருக்கிறார்.

தட்டினேன். பச்சை பல்ப் துடித்தது. 'இல்லை' என்று வந்தது.

தங்கச்சி உடனே கம்ப்யூட்டர் இணைப்பை நிறுத்திவிட்டு இரத்தினபுரிக்கு டெலிபோன் எடுத்தாள். இரண்டுக்கும் எங்களிடம் ஒரே கம்பிதான். அந்தத் தோட்டத்து அந்த வருடத்துப் புத்தகம் இன்னும் தட்டச்சு செய்யாமல் கிடப்பதாகச் சொன்னார்கள். சிங்களத்திலும் தமிழிலுமாக அவர்களைக் கெஞ்சி, அந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கச் சொன்னாள். இன்றைக்கு இரவுக்குள் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வாங்க. புத்தகம் ஏறிடும். பேர் இருந்தா வந்துடும்" என்றாள். அவளே ஒரு மனிதரை நாளைக்கு வரச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்டி நடைப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். இரத்தினபுரியில் புத்தகம் ஏறிவிட்டதாகக் காலையிலேயே செய்தி வந்திருந்தது. தங்கச்சியே உட்கார்ந்து தட்டினாள். நான் பிள்ளையார் படத்துக்கு நேராக நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தேன். அக்காவும் கூப்பிக்கொண்டு நின்றார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'இல்லை.'

தங்கச்சி திரையிலிருந்து திரும்பினாள். "அக்கா, புத்தகம் ஏறிடுச்சு. ஆனா பேர் அதுல இல்ல. பதியாம விட்டிருப்பாங்க போல" என்றாள் மெதுவாக.

"பதிஞ்சாங்க மிஸ். மருத்துவிச்சி எழுதுனத நான் பாத்துக்கிட்டுத்தான படுத்திருந்தேன்."

"எழுதியிருப்பாங்க அக்கா. ஆனா..."

"இன்னொரு தடவ பாருங்க மிஸ்."

"இன்னொரு தடவ கேட்டா மட்டும் பதில் மாறுமா அக்கா?"

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்குப் பிறகு அக்கா நிற்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார். தங்கச்சி அன்றைக்கு முழுவதும் வேறு வழி இருக்கிறதா என்று யார் யாருக்கோ டெலிபோன் பேசினாள்.

புதன்கிழமை காலையில் கதவைத் திறந்து, கூட்டி, ஊதுபத்தியை ஏற்றிப் படத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பனே, அந்தத் தாயை இப்படித் திருப்பி அனுப்பிவிட்டாயே என்றுதான் மனதில் ஓடியது. புகை கீழே இறங்கி அந்தச் சின்னப் பெட்டி மேல் படர்ந்தது. பச்சை பல்ப் அசையாமல் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அசையவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று உறைத்தது. நேற்றும் நான் இங்கேதான் நின்றேன். கையைக் கூப்பிக்கொண்டு இந்தப் பக்கம்தான் பார்த்தேன். 'இல்லை' என்று பதில் வந்தபோதும் இந்த பல்ப் இப்படியேதான் இருந்தது.

தங்கச்சி குடையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"தங்கச்சி, நேத்து அந்த லைட் துடிக்கல."

"எந்த லைட்டு?"

"பச்ச லைட்டு. நீ ராஜேந்திரன் பேரத் தட்டினப்போ அது துடிக்கவே இல்ல. திங்கக்கிழம துடிச்சுது. நேத்து இல்ல. பிள்ளையார் மேல சத்தியமா நான் அங்கதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"இரத்தினபுரிக்கே போகலன்னா, இல்லன்னு சொன்னது யாரு தங்கச்சி?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

"நான்தான் அண்ணே" என்றாள்.

திங்கட்கிழமை வந்த 'இல்லை'யை எங்கள் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதே பெயரைக் கேட்டதும், புத்தகம் ஏறிவிட்டது தெரியாமல், போய்ப் பார்க்காமலே பழைய 'இல்லை'யை எடுத்து நீட்டியிருக்கிறது. நடையை மிச்சம் பிடிக்க அவள் செய்த வேலை. உட்காராமல் நின்றபடியே குனிந்து எதையோ தட்டி அந்த ஞாபகங்களை எல்லாம் அழித்தாள். பிறகு ராஜேந்திரன் பெயரைத் தட்டினாள். இருவரும் பல்ப்பைத்தான் பார்த்தோம். துடித்தது. திரையில் வந்து நின்றது: ராஜேந்திரன், தகப்பன் பெயர், தாய் மாரியாயி, மேல் டிவிசன், புத்தக இலக்கம், பக்கம்.

"அப்பனே!" என்றேன். அவள் கடதாசியில் அச்சடித்துப் பையில் வைத்தாள்.

தோட்டத்துக் கந்தோருக்கு டெலிபோன் செய்தால், கிளாக்கர் ஐயா சாயங்காலம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவள் டெலிபோனை வைத்துவிட்டு, "வாங்க அண்ணே" என்றாள். பஸ் போகிற வரைக்கும் பஸ்ஸில் போய், அதற்கு மேலே ஏறினோம். நடக்கப் பிடிக்காதவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் வழுக்கி விழப்பார்த்தாள். செருப்பு அறுந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அக்கா இறப்பர் மலையில் பால் வாளியோடு நின்றார். எங்களைக் கண்டதும் கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார் போல, மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இருக்கு. பேர் இருக்கு" என்றாள் தங்கச்சி. மூச்சு வாங்கியது. "நேத்தும் இருந்துச்சு. நான்தான் பாக்காம இல்லன்னு சொல்லிட்டேன். என் தப்பு அக்கா."

அக்கா வாளியைச் சிந்தாமல் கீழே வைத்தார்.

"இப்ப இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ வாங்க போவோம்."

அதற்குப் பிறகு அவள் பழைய ஆளாகிவிட்டாள். லயத்து வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டாள். உங்க அடையாள அட்டை? கல்யாணப் பதிவு? பையன் படிச்ச பள்ளிக்கூடத்துக் கடதாசி? அவன் படம் இருக்கா? எல்லாம் தகரப் பெட்டிக்குள்ளே இருக்கிறது என்றார் அக்கா. பெட்டியையே தூக்கச் சொன்னாள். இறங்குகிற வழியில் தோட்டத்துக் கந்தோரில் துரையிடம் ஒரு கடிதம் வாங்கினாள். பதிவாளர் கந்தோரில் உள்ளே இருந்த ஐயா ஒவ்வொன்றாகக் கேட்க வாயைத் திறப்பார், அந்தக் கடதாசி அவர் முன்னால் இருக்கும். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். "ஒக்கோம கெனல்லா நே" என்றார், எல்லாமே கொண்டு வந்துவிட்டீர்களே என்று. ஒரே நடை. பத்திரம் கையில் வந்தது. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அக்காவும் அவருடைய தம்பியும் கொழும்புக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கம்ப்யூட்டர் பக்கம் போனபோது, "இன்னைக்கு இணைப்பு போடாதீங்க அண்ணே" என்றாள். இணைப்பில் இருந்தால் டெலிபோன் அடிக்காது. வந்த சனங்களிடம் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு, மத்தியானம் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு பெயருக்கு நாற்பது நடையை மிச்சம் பிடித்தவள், அன்றைக்கு அந்தக் கம்பியைச் சும்மா போட்டுவிட்டு டெலிபோன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி இருக்கும், அடித்தது. அவள்தான் எடுத்தாள். "ம்... ம்... சரி அக்கா" என்றாள். வைத்துவிட்டு என்னிடம், "விட்டுட்டாங்க" என்றாள். பிறகு முகம் கழுவப் போனாள். வர நேரமாகியது.

அன்றைக்கே அந்த வேலையைத் திருத்தினாள். ஞாபகம் வைக்கிறதை அடியோடு எடுத்துவிடப் போகிறாயா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. இருக்குன்னு வந்தத ஞாபகம் வச்சுக்கலாம். இல்லன்னு வந்தத மட்டும் வச்சுக்கக் கூடாது. எத்தனை தடவ கேட்டாலும் அதுக்கு மட்டும் போய்ப் பாத்துட்டுத்தான் வரணும்."

வெட்டி நடைப் பக்கத்தில் இரண்டு கோடு சேர்த்தாள். ஒன்று செவ்வாய்க்கிழமை அக்கா வந்தது. மற்றது என்ன என்று கேட்டேன். அன்றைக்கு அவர் மலையேறித் திரும்பிப் போனது என்றாள்.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை மத்தியானம், மாரியாயி அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான, உயரமான பிள்ளை. மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தான். ஒரு பெரிய பை நிறைய ரம்புட்டான்.

தங்கச்சி எழுந்து நின்றாள். "என்ன அக்கா, அடையாள அட்டைக்கா? அதுக்குப் படம் ரெண்டு வேணும், அப்புறம்..."

"அதெல்லாம் கிராம சேவகர்கிட்ட குடுத்தாச்சு மிஸ்."

"வேற என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம். சும்மாதான் வந்தோம்."

"சும்மாவா? இவ்வளவு தூரம் எறங்கியா?"

"ஆமா மிஸ். இவனக் காட்டிட்டுப் போகலாம்னு."

தங்கச்சி சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எந்தப் பக்கத்தில் கோடு போடப்போகிறாளோ என்று நானும் பார்த்தேன். பென்சிலை எடுத்தாள். எடுத்த பென்சிலைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டாள்.

ராஜேந்திரன் கூச்சத்தோடு கம்ப்யூட்டரைப் பார்த்தான். "மிஸ், என் பேரு இதுக்குள்ளயா இருக்கு?"

"இதுக்குள்ள இல்ல தம்பி. இரத்தினபுரியில."

"பாக்கலாமா மிஸ்?"

அவள் உட்கார்ந்து தட்டினாள். கடைசிப் பொத்தானை அழுத்தப்போனவள், கையை எடுத்துவிட்டு வேறு எதையோ செய்தாள். எனக்கு இதற்குள் கொஞ்சம் விளங்க ஆரம்பித்திருந்தது. புதன்கிழமை வந்த பதில் எங்களிடமே இருக்குமே, ஒரு வாரம் ஆகவில்லையே.

"நம்மகிட்டயே இருக்கே தங்கச்சி?" என்றேன் மெதுவாக.

"இருக்கு அண்ணே. பரவால்ல, ஒரு நடை போயிட்டு வரட்டும்."

பிறகு ராஜேந்திரனிடம், "தம்பி, திரையப் பாக்காத. அங்க பாரு, அந்தப் பச்ச லைட்டப் பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். அக்காவும் பார்த்தார். பிள்ளையாருக்குக் கீழே பல்ப் துடித்தது. அக்கா கையைக் கூப்பினார். தங்கச்சி திரையின் பக்கம் திரும்பவே இல்லை. அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.